இழப்பின் கணக்கும் இழப்பின் கதையும்: சோவியத் யுத்தத் திரைப்படங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

யுத்தத் திரைப்படங்கள் பற்றிய விமர்சனங்களில் 'மனிதாபிமானம்' என்னும் சொல் பெரிதும் மலினப்பட்டுவிட்டது. ஒரு படத்திலே தாய் அழுதால், காதலர் பிரிந்தால், குழந்தை அநாதையானால், அப்படம் போரையும் கடந்து மனிதத்தைப் பேசுகின்றது என எழுதிவிடுவது வழக்கமாகியுள்ளது. மறுபுறத்தில், தம்மை முற்போக்கு விமர்சகரெனக் கூறிக்கொள்வோரிற் சிலர் அதே கண்ணீரைக் குட்டிபூர்ஷ்வா உணர்ச்சிவாதமென்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவர். இவ்விரு நோக்குகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினும், தனிமனிதரின் துயரம் வரலாற்றுக்குப் புறம்பானது என்று கொள்வதில் அவை உடன்படுகின்றன. முன்னவர் அதனை வரலாற்றுக்கு மேலே வைக்கின்றனர். பின்னவர் கீழே வைக்கின்றனர். சோவியத் யுத்தத் திரைப்படங்களின் வரலாற்றை நுணுகி நோக்கின், இக்கொள்கை எவ்வளவு பிழையானது என்பது தெளிவாகும். அங்கே எவருடைய துயரத்தைத் திரையிற் காட்டலாம் என்பதே பல தசாப்தங்களாக ஓர் அரசியற் பிரச்சினையாக இருந்தது.

இதனை விளங்கிக்கொள்வதற்கு முதலில் மூன்று எண்களை மனங்கொள்ளுதல் வேண்டும். 1946 மார்ச்சில், 'பிராவ்தா' பத்திரிகைக்கு அளித்த பேட்டியில், ஜேர்மன் படையெடுப்பினால் சோவியத் நாடு இழந்தோரின் தொகை ஏறத்தாழ 70 இலட்சம் என ஸ்டாலின் கூறினார். 1961இல் குருஷேவ் சுவீடன் நாட்டுப் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் அத்தொகை 2 கோடிக்கு மேலெனக் குறிக்கப்பட்டது. 1990 மே மாதத்தில் கோர்பச்சேவ் அதனை ஏறக்குறைய 2 கோடி 70 இலட்சம் என்றார். இறந்தோர் அனைவரும் 1945க்குள் இறந்துவிட்டனர். அவர்களை ஏற்றுக்கொள்வதற்கு அரசுக்கு நாற்பத்தைந்து ஆண்டுகள் தேவைப்பட்டன. முதல் எண்ணுக்கும் மூன்றாம் எண்ணுக்கும் இடைப்பட்ட இரண்டு கோடி மனிதர் எங்கே இருந்தனர் என்ற வினாவுக்கு, புள்ளிவிபரவியலாளர் விடை கூறுவதற்கு முன்னரே திரைப்படக் கலைஞர் சிலர் விடை கூறத் தொடங்கிவிட்டனர் என்பதே எமது கருத்தாகும்.

யுத்த காலத்திலேயே வெளிவந்த படங்களில் தாயரும் குழந்தைகளும் இடம்பெறவில்லை என்று கூறுதல் பொருந்தாது. ஸ்டாலின் காலத்துச் சினிமா முழுவதும் உணர்ச்சியற்ற பிரசாரம் என்பது மேற்குலக விமர்சகர் பரப்பிய எளிமைப்படுத்தலாகும். பிரெட்ரிக் எர்ம்லரின் 'அவள் தாய்நாட்டைக் காக்கிறாள்' (1943) என்ற படத்திலே, தன் குழந்தை கொல்லப்பட்டதைக் கண்ட கிராமத்துப் பெண் கெரில்லாப் படையின் தலைவியாகின்றாள். மார்க் தொன்ஸ்கோயின் 'வானவில்' (1944) இன்றுங்கூடப் பார்ப்போரை உலுக்கக்கூடியது. ஆயின் இப்படங்களில் துயரம் துயரமாகவே நிற்பதற்கு அவகாசம் தரப்படவில்லை. அது உடனடியாகச் சினமாகவும் பழிவாங்கலாகவும் மாற்றப்பட்டது. பகைவன் நாட்டினுள்ளே நின்ற வேளையில் இது இயல்பானதே. சீமொனவ் 1941இல் இயற்றிய 'எனக்காகக் காத்திரு' என்ற கவிதையின் பெயரைத் தாங்கி 1943இல் வெளிவந்த படத்திலே, மனைவி நம்பிக்கையோடு காத்திருந்தமையினாற் கணவன் உயிருடன் மீள்கின்றான். பெண்ணின் காத்திருப்பு ஒரு படைக்கலமாகவே கருதப்பட்டது. காத்திருந்தும் மீளாதவர்களின் மனைவியருக்கு அப்படம் என்ன கூறியிருக்கும் என்பது வேறு விடயம்.

பிரச்சினை வெற்றிக்குப் பின்னரே கூர்மையடைகின்றது. 1947 டிசெம்பர் ஆணையொன்றின் மூலம் மே 9ஆம் நாள், வெற்றித் திருநாள், மீண்டும் வேலை நாளாக்கப்பட்டது. 1965 வரை அது அவ்வாறே இருந்தது. யுத்தத்தை நினைவுகூரும் உரிமை மக்களிடமிருந்து எடுக்கப்பட்டுத் தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டது என்று கூறின் அது மிகையாகாது. 1951இல் நாடு முழுவதிலும் தயாரான கதைப்படங்கள் பத்துக்கும் குறைவு. இக்காலத்தின் முழுமையான வெளிப்பாடு மிகயில் சியவுரேலி நெறிப்படுத்திய 'பேர்லினின் வீழ்ச்சி' (1950) ஆகும். அதன் இறுதியில் ஸ்டாலின் வெண்ணிற உடையணிந்து விமானத்திற் பேர்லினுக்கு வந்திறங்குகின்றார். உண்மையில் வெற்றியின்போது அவர் அங்கு செல்லவில்லை; ஜூலை மாதத்துப் பொற்ஸ்டாம் மாநாட்டுக்கே சென்றார், அதுவும் புகையிரதத்தில். 1956 பெப்ரவரியில் கட்சியின் இருபதாவது காங்கிரசில் குருஷேவ் ஆற்றிய இரகசிய உரையில் இப்படம் பெயர் கூறிக் கண்டிக்கப்பட்டது.

வரலாற்றுத் திரிபைப் பலர் சுட்டிக்காட்டியுள்ளனர். ஆயின் அப்படத்தின் காதற்கதை அதனைக் காட்டிலும் ஆராயத்தக்கது என எமக்குத் தோன்றுகின்றது. அலியோஷா என்னும் உருக்குத் தொழிலாளி, நத்தாஷா என்னும் ஆசிரியை, யுத்தத்தினால் ஏற்படும் பிரிவு, ஜேர்மனியரின் சிறை, தேடல், ஈற்றிற் சந்திப்பு என, 'உணர்ச்சிகரமான மனிதக் கதை' என்று நாம் வழக்கமாகப் போற்றும் அத்தனையும் அங்கே உள. ஆனாற் காதலர் மீண்டும் இணையும் இடம் தலைவர் வந்திறங்கும் விமானத்தளம். நத்தாஷா தலைவரை முத்தமிட அனுமதி கேட்கின்றாள். தனிமனிதரின் அன்பு அதிகாரத்தின் காலடியிற் சென்று நிறைவடைகின்றது. மனிதக் கதை இருப்பதனாலேயே ஒரு படம் உயர்ந்ததாகிவிடும் என்போருக்கு இதைவிடச் சிறந்த மறுப்பு வேண்டியதில்லை.

இப்பின்னணியில் வைத்தே 1957இல் வெளிவந்த 'நாரைகள் பறக்கின்றன' என்ற படத்தை நோக்குதல் வேண்டும். நெறியாளர் மிகயில் கலத்தோசவ். ஒளிப்பதிவாளர் சேர்கை உருசேவ்ஸ்கி, யுத்த முனையிலே கமராவுடன் பணியாற்றியவர். திரைக்கதையை எழுதிய விக்தர் ரோசவ் 1941இற் களத்திற் படுகாயமடைந்தவர். ரோசவ் 1943இல் எழுதிய நாடகமே இதன் மூலம். அந்நாடகம் மொஸ்கோவில் 'சவ்ரெமென்னிக்' குழுவினரின் முதல் தயாரிப்பாக மேடையேறிய ஆண்டு 1956 ஆகும். பதின்மூன்று ஆண்டுகள் கையெழுத்துப் பிரதியாகக் கிடந்த ஒரு துயரம் இருபதாவது காங்கிரசின் ஆண்டிலே மேடைக்கு வருகின்றது. இது தற்செயலன்று.

படத்தின் நாயகி வெரோனிக்கா காத்திருக்கவில்லை. அவளது காதலன் பொரிஸ் தானாகவே முன்வந்து படையிற் சேர்ந்து செல்கின்றான். குண்டுவீச்சொன்றின் பின் அவள் எரியும் மாடிப்படிகளில் ஏறித் தன் வீட்டுக் கதவைத் திறக்கும்போது, கதவுக்கு அப்பால் வீடே இல்லை. வெட்டவெளியில் விளக்கின் மூடி ஊசலாட, கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கின்றது. பெற்றோர் இறந்துபட, பொரிசின் குடும்பத்தாரோடு தங்கும் அவள், மற்றொரு வான்தாக்குதலின் நடுவே அவனுடைய ஒன்றுவிட்ட சகோதரன் மார்க்கிடம் வசப்பட்டு அவனை மணக்கின்றாள். பொரிஸ் சேற்று நிலமொன்றிற் சுடப்பட்டு இறந்தமை எமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. சுழலும் பூர்ச்ச மரங்களுக்கிடையே அவன் தன் திருமணத்தைக் கற்பனையிற் காணும் அந்தக் காட்சியை நுட்ப அற்புதமாகப் புகழ்வோர் பலர். நடைபெறாது போன திருமணங்கள் எத்தனை என்பதை எந்தப் புள்ளிவிபரத்திலும் காணமுடியாது என்பதே அதன் பொருளென நாம் கருதுகின்றோம்.

பின்னர் வருவது வைத்தியசாலைக் காட்சி. தன் காதலி வேறொருவனை மணந்துகொண்டாள் என்ற செய்தி கேட்டுக் காயமுற்ற வீரனொருவன் கதறுகின்றான். பொரிசின் தந்தை, வைத்தியர், அவனைத் தேற்றுமுகமாக, அத்தகைய பெண்களுக்கு மன்னிப்பே கிடையாது என உரத்த குரலிற் கூறுகின்றார். வாசலில் நிற்கும் வெரோனிக்கா அதனைக் கேட்டுக்கொண்டிருக்கின்றாள். 1943ஆம் ஆண்டுப் படத்தின் அறநெறி முழுவதும் அந்தத் தந்தையின் வாயில் வைக்கப்பட்டுள்ளது. அவர் தீயவரல்லர், நேர்மையானவர். ஆயினும் கமரா அவரிடம் நில்லாது அவளிடம் செல்கின்றது. காத்திருக்கத் தவறியவளுக்கும் துக்கங் காக்கும் உரிமை உண்டு என்பதைச் சோவியத் சினிமா இவ்வளவு வெளிப்படையாக முன்னர் கூறியதில்லை. 2 கோடி 80 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் திரையரங்குகளில் இப்படத்தைக் கண்டனர்; 1958இற் கான் திரைப்பட விழாவில் அது தங்கப்பனை விருதினைப் பெற்றது.

இறுதிக் காட்சியில், வெற்றி பெற்று மீளும் வீரரை ஏற்றிய புகையிரதம் மொஸ்கோவை வந்தடைகின்றது. பொரிஸ் இறந்தமை உறுதியாகின்றது. வெரோனிக்கா தன் கையிலிருந்த மலர்களை அங்கு நின்ற அந்நியர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுக்கின்றாள். தனித்துயரைக் கூட்டு மகிழ்ச்சியிற் கரைத்துவிடும் உத்தியோகபூர்வமான முடிவு இது என்று குறைகூறியோர் உளர். அக்குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை இருக்கின்றது. ஆயின் அவள் முகத்தை ஊன்றிப் பார்ப்போர், அவள் ஆறுதல் பெற்றுவிட்டாள் எனக் கூறத் துணியமாட்டார்.

கிரிகோரி சுக்ராயின் 'போர்வீரனின் கதைப்பாடல்' (1959) இதனினும் எளிமையானது; அவ்வெளிமையே அதன் வலிமை. சுக்ராய் யுத்தம் முழுவதும் போரிட்டவர்; பல முறை காயமடைந்தவர். அவருடைய நாயகனின் பெயரும் அலியோஷா என்பதை வாசகர் கவனிக்கலாம். பத்தொன்பது வயதான இந்த அலியோஷா பயத்தினாலேயே இரண்டு தாங்கிகளை அழிக்கின்றான்; அவனைத் துரத்தும் தாங்கியைக் காட்டுகையில் பூமியும் வானமும் தலைகீழாகின்றன. பதக்கத்துக்குப் பதிலாக அவன் கேட்பது, தாயைக் கண்டு வீட்டுக் கூரையைச் செப்பனிட்டு வருவதற்கான விடுமுறை. கிடைப்பது ஆறு நாட்கள்: போக இரண்டு, இருக்க இரண்டு, திரும்ப இரண்டு. சியவுரேலியின் அலியோஷா தலைவரின் தோட்டத்துக்கு அழைக்கப்பட்டான்; சுக்ராயின் அலியோஷா செல்ல விரும்புவது ஒழுகும் கூரைக்கு. இவ்விரு படங்களுக்கும் இடையே ஒன்பது ஆண்டுகளே கழிந்திருந்தன.

அந்த ஆறு நாட்களும் மற்றவர்களுக்காகவே செலவாகின்றன. ஒற்றைக் காலுடன் மனைவியிடம் திரும்ப அஞ்சும் வீரனொருவனை அவன் வழிநடத்த வேண்டியிருக்கின்றது. படைத் தோழனின் மனைவிக்கு இரண்டு சவர்க்காரக் கட்டிகளைச் சேர்ப்பிக்க வேண்டியிருக்கின்றது. முழுப் பிரிவினருக்கும் கிடைத்த சவர்க்காரம் அது. அவள் வேறொருவனுடன் வாழ்வதைக் கண்டதும் அதனைத் திருப்பி வாங்கித் தோழனின் தந்தையிடம் கொடுக்கின்றான். (வெரோனிக்காவுக்குக் காட்டப்பட்ட பரிவு இப்பெண்ணுக்குக் காட்டப்படவில்லை என்பது எமக்கு ஒரு குறையாகவே படுகின்றது.) புகையிரதம் குண்டுவீச்சுக்கு இலக்காகின்றது. ஈற்றில் அவன் ஊர் சேரும்போது தாயைத் தழுவிக்கொள்வதற்கான சில நிமிடங்களே எஞ்சியுள்ளன. கூரை செப்பனிடப்படவில்லை.

பண்டைத் தமிழ்ப் புறத்திணையின் மூதின்முல்லைத் துறையினை அறிந்தோருக்கு இவ்விடம் சிறப்பான முக்கியத்துவமுடையது. அங்கே களத்துக்கு மகனை அனுப்பும் தாயின் பெருமிதம் பாடப்படுகின்றது. அப்பெருமிதம் வீரயுகச் சமூகமொன்றின் கருத்துநிலைத் தேவை. சுக்ராயின் தாயோ பெருமிதம் கொள்ளவுமில்லை, நாட்டைச் சபிக்கவுமில்லை. ஆண்களற்ற கிராமமொன்றின் வயலிலிருந்து ஓடிவரும் உழைக்கும் பெண் அவள். மகன் மீளமாட்டான் என்பதும், அந்நிய மண்ணில் புதைக்கப்பட்டான் என்பதும், அங்குள்ளோர் அவனை விடுதலை வீரனென அழைத்து மலர் வைப்பர் என்பதும் படத்தின் தொடக்கத்திலேயே எமக்குக் கூறப்படுகின்றன. அரசு அவனை விடுதலை வீரன் என்று அறியும். தாய் மட்டுமே அவனை அலியோஷா என்று அறிவாள். இவ்விரண்டையும் ஒரே கதையில் வைத்து, ஒன்றை மற்றொன்றாற் பொய்யாக்காது விட்டமையே சுக்ராயின் சாதனை. அவர் இப்படத்தை வெளியிட்டபோது 2 கோடி என்ற எண் இன்னும் அறிவிக்கப்படவில்லை.

ஆயினும், இறந்தவனுக்காக அழுவது ஒப்பீட்டளவில் இலகுவானது. உயிருடன் பிடிபட்டவனின் நிலை வேறு. 1941 ஓகஸ்டில் பிறப்பிக்கப்பட்ட 270ஆம் இலக்க ஆணை, சரணடையும் தளபதிகளைத் துரோகிகளாகவும் அவர்தம் குடும்பத்தாரைக் கைதுசெய்யப்படத் தக்கவராகவும் கொண்டது. சரணடைந்த சாதாரண வீரரின் குடும்பங்களுக்கு அரச உதவியை மறுத்தது. ஜேர்மனியரிடம் சிறைப்பட்ட சோவியத் வீரர் ஏறத்தாழ 57 இலட்சம் எனவும், அவர்களுள் ஏறத்தாழ 33 இலட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் மாண்டனர் எனவும் ஆய்வாளர் கணித்துள்ளனர். உயிர் பிழைத்து மீண்டோர் விசாரணை முகாம்களினூடாகவே நாடு திரும்பினர். அவர்களுட் பலர் தொழிற்படைகளுக்கும் சிறைமுகாம்களுக்கும் அனுப்பப்பட்டனர். 1956 ஜூன் 29ஆம் நாள்தான் கட்சியின் மத்திய குழுவும் அமைச்சரவையும் முன்னாட் போர்க்கைதிகளுக்கு இழைக்கப்பட்ட அநீதிகளைக் களையத் தீர்மானம் நிறைவேற்றின. ஆறு மாதங்களின் பின், 1956 டிசெம்பர் 31இலும் 1957 ஜனவரி 1இலும், ஷோலகோவின் 'ஒரு மனிதனின் விதி' பிராவ்தாவில் வெளியாயிற்று. 1959இல் சேர்கை பொந்தார்ச்சுக் அதனைத் தம் முதற்படமாக நெறிப்படுத்தி, தாமே நாயகன் சொக்கலோவாக நடித்தார்.

சிறைமுகாம் அதிகாரியின் முன் மூன்று கிண்ணம் வொட்காவை உணவின்றி அருந்தி நிமிர்ந்து நிற்கும் சொக்கலோவையும், அநாதைச் சிறுவனிடம் தானே அவன் தந்தையெனக் கூறும் சொக்கலோவையும் மறக்க இயலாது. ஆனால் அவன் எவ்வாறு தன் நாட்டுப் படையிடம் திரும்புகின்றான் என்பதனை நாம் விமர்சன நோக்கோடு பார்க்கவேண்டும். ஜேர்மன் மேஜர் ஒருவனைச் சிறைப்பிடித்து, அவனது ஆவணங்களுடன் காரிற் கொண்டுவருகின்றான். தான் துரோகியல்லன் என்பதற்கான கடவுச்சீட்டு அது. மேஜரின்றி வெறுங்கையுடன் வந்திருந்தால் சொக்கலோவுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்ற வினாவைக் கதையும் எழுப்பவில்லை, படமும் எழுப்பவில்லை. சுக்ராய் 'தெளிந்த வானம்' (1961) என்ற படத்திலே அதனை எழுப்பினார். சிறைப்பட்டு மீண்ட விமானி கட்சியினின்று நீக்கப்படுகின்றான். ஸ்டாலின் மறைந்து, ஆற்றின் பனிக்கட்டி உடைந்த பின்னரே அவனுக்கு விடிவு. அவ்விடிவும் அரசு அளிக்கும் நட்சத்திரப் பதக்கமாகவே வருகின்றது. பிடிபட்டவனின் மானம் பதக்கத்தினால் மீட்கப்படவேண்டிய ஒன்றாகவே இன்னும் இருந்தது.

இதே காலத்தில் தார்க்கோவ்ஸ்கியின் 'இவானின் குழந்தைப்பருவம்' (1962) வெனிசில் தங்கச்சிங்கத்தை மற்றொரு படத்துடன் பகிர்ந்துகொண்டது. இத்தாலியக் கம்யூனிஸ்டுகளின் 'உனித்தா' பத்திரிகை அதனைக் குறைகூறியபோது, அதன் ஆசிரியர் அலிக்காத்தாவுக்குச் சார்த்தர் எழுதிய கடிதம், வரலாற்றின் முன்னேற்றத்திற்குள்ளும் ஈடுசெய்ய முடியாத இழப்புகள் உள்ளன என்ற வாதத்தை முன்வைத்தது. மார்க்சிய அழகியலில் இவ்விவாதம் உரிய கவனத்தைப் பெறவில்லை.

1965இல் மே 9 மீண்டும் விடுமுறையாயிற்று. பிரெஷ்னெவ் காலத்தில் யுத்த நினைவு பெருந்தூபிகளாகவும் பிரமாண்டப் படங்களாகவும் உருப்பெற்றது. யூரி ஓசெரவின் ஐந்து பகுதிகள் கொண்ட 'விடுதலை' 1971இல் நிறைவுற்றது. அதிலே ஸ்டாலின் மீண்டும் திரைக்கு வந்தார். இந்நினைவுக்கு வகுக்கப்பட்ட எல்லையை அறிவதற்கு, அப்போது பெட்டியினுள் அடைக்கப்பட்ட படங்களையே நாம் நாடவேண்டும்.

அக்தோபர் புரட்சியின் ஐம்பதாம் ஆண்டை முன்னிட்டு அலெக்சாந்தர் அஸ்கோல்தவ் 1967இல் எடுத்த 'கொமிசார்' உள்நாட்டுப் போர்க் கதையாகும். வசீலி குரோஸ்மனின் 1934ஆம் ஆண்டுச் சிறுகதையைத் தழுவியது. கருவுற்ற செம்படைக் கொமிசாரொருத்தி ஏழை யூதத் தகரவேலைக்காரனின் வீட்டிலே பிள்ளை பெறுகின்றாள். குண்டுவீச்சுக்கு அஞ்சி அனைவரும் பதுங்கியிருக்கையில், அக்குடும்பமும் அவ்வூர் யூதரும் இருபது ஆண்டுகளின் பின் நாஜிகளாற் கொலைக்கு இட்டுச்செல்லப்படுவதை அவள் முன்கூட்டியே காண்கின்றாள். 1941 செப்டெம்பர் 29, 30ஆம் நாட்களிற் கியெவ் நகரின் பாபி யார் பள்ளத்தில் 33,771 யூதர் கொல்லப்பட்டனர். 1945இல் தொன்ஸ்கோய் தம் 'பணியாதோர்' படத்தில் அதனைக் காட்ட முடிந்தது. 1976இல் அங்கு எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்திலோ யூதர் என்ற சொல்லே இல்லை, சோவியத் பிரசைகள் என்றே இருந்தது. சர்வதேசியம் பேசிய அரசு, கொல்லப்பட்டோர் எதற்காகக் கொல்லப்பட்டனர் என்பதை மறைப்பதற்கு அச்சர்வதேசியத்தையே போர்வையாக்கியமை எமது இயக்கத்தவர் வெட்கத்துடன் ஏற்றுக்கொள்ள வேண்டிய உண்மையாகும். 'கொமிசார்' தடைசெய்யப்பட்டது. அஸ்கோல்தவ் கட்சியினின்று நீக்கப்பட்டார். பின்னர் அவர் கதைப்படம் எதனையும் எடுக்கவில்லை.

எலெம் கிளிமவின் 'வந்து பார்' (1985) வெளியாவதற்கும் பல்லாண்டுக்காலத் தடைகளைக் கடக்க வேண்டியிருந்தது. அதன் இணையாசிரியர் அலெஸ் அதமோவிச் இளவயதிற் கெரில்லாப் படையிலிருந்தவர். பெலாருசில் எரிக்கப்பட்ட கிராமங்களில் உயிர் தப்பியோரின் வாக்குமூலங்களை வேறிரு எழுத்தாளருடன் சேர்ந்து ஒலிப்பதிவு செய்து நூலாக்கியவர். மக்களோடு சேர்த்து எரிக்கப்பட்ட கிராமங்கள் 628 என்பதைப் படத்தின் இறுதி எழுத்துகள் அறிவிக்கின்றன. இங்கே திரைக்கதை தணிக்கையாளரோடு மட்டுமன்றிக் கற்பனையோடும் போராடுகின்றது. சாட்சியம் கலையை முந்திச்செல்கின்றது. 1986 மே மாதத்தில் கிளிமவ் திரைப்படக் கலைஞர் ஒன்றியத்தின் தலைமைக்குத் தெரிவானார். பெட்டியினுள் கிடந்த படங்களை மீளாய்வு செய்ய ஒரு குழுவும் அமைக்கப்பட்டது. அச்சூழலிற்கூட 'கொமிசார்' 1988இலேதான் பொதுத் திரையிடலுக்கு வந்தது.

அலெக்சி கெர்மனின் 'பாதைச் சோதனை'யை நாம் ஈற்றில் வைத்தமைக்குக் காரணம் உண்டு. 'விடுதலை' நிறைவுற்ற அதே 1971இல் முடிக்கப்பட்டு 1986 வரை அது முடக்கப்பட்டிருந்தது. ஜேர்மனியரிடம் சேவை செய்த முன்னாட் செம்படை வீரன் லாசரெவ், கெரில்லாக்களிடம் தானாகவே வந்து சரணடைகின்றான். அவனுக்கு இன்னொரு வாய்ப்பளிக்க விரும்புகின்றான் படைத்தலைவன் லொக்கொத்கோவ். மேஜர் பெத்துஷ்கோவ் அதனை எதிர்க்கின்றான். லொக்கொத்கோவாக நடித்த ரொலான் பீக்கவ் 'கொமிசாரி'ல் அந்த யூதத் தகரவேலைக்காரனாக நடித்தவர். ஒரே நடிகரின் இரு சிறந்த வேடங்களும் பல ஆண்டுகள் மக்களுக்குக் கிட்டாது போயின.

படத்திலே ஒரு பாலத்துக்கு வெடி வைக்கப்பட்டுள்ளது. பகைவரின் புகையிரதம் பாலத்தின்மேல் வருகின்றது. அதே வேளையில் கீழே ஆற்றிலே, சிறைப்பட்ட சோவியத் வீரர் நெருக்கியடித்து நிற்கும் படகொன்று வருகின்றது. வெடிக்கச் செய்யவேண்டும் என்கின்றான் மேஜர். இராணுவக் கணக்கின்படி அவன் கூறுவது பிழையன்று. கீழே நிற்போர் 270ஆம் இலக்க ஆணையின் பார்வையிற் சந்தேகத்துக்குரியோர். அவர்களிடம் மேஜரும் இல்லை, பதக்கமும் இல்லை. லொக்கொத்கோவ் வெடிக்க விடவில்லை. புகையிரதம் கடந்து செல்கின்றது. படகிலுள்ளோர் எவரெனப் படம் எமக்குக் கூறவில்லை. முகங்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக, பாலத்தின் நிழலினுள் புகுந்து மறுபுறமாக வெளிவருகின்றன.